ஆயிரம் வருஷத்துக் காலடி

கயல், மதி... ரெண்டு பேரும் இப்படி வந்து உட்காருங்கள். போனை அங்கேயே வையுங்கள். வைத்தாயிற்றா? சரி.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்றப் பிள்ளைகளும் உட்காரலாம். உங்களுக்குத் தெரியக்கூடாத ரகசியம் எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. போன வாரம் நடந்த சண்டை உட்பட.

ஆமாம், சண்டைதான். எனக்கும் என் மூத்த மகள் கயலுக்கும். அவள் ஒன்பதாவது படிக்கிறாள். சின்னவள் மதி ஐந்தாவது. நான் எட்டாவது... அதாவது எட்டாவதோடு நின்றவன். மரக்காணத்தில் உப்பளத்தில் மேஸ்திரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் சமீபத்தில் என்னை அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான்: "நீ எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

கேட்டவர்கள் யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. எல்லோரும் போனுக்குள் இருப்பவர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் மதி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"யப்பா! நம்ம அளம் வீடியோல வருதுப்பா!"

பார்த்தேன். எங்கள் அளமேதான். மூலையில் இருக்கிற, இந்த வருஷம் உப்பு விளையாத பாத்தி. அதன் நடுவில் ஒரு காலடித் தடம். அதற்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு ஒருவர். நல்ல சட்டை, நல்ல குரல். அடுத்த காட்சியில் அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு அலமாரி. அலமாரி நிறையப் புத்தகம். மதி அந்த நிமிஷமே அவருக்குப் பேர் வைத்துவிட்டாள் — அலமாரி சார். அவர் சேனல் பேர் நமக்கு வேண்டாம். அலமாரி சார் என்றே வைத்துக்கொள்வோம்.

அலமாரி சார் சொன்னார்: "நண்பர்களே, நல்லா பாருங்க. பாறையில பதிஞ்ச காலடி. விரல்கள் எவ்வளவு அகலமா விரிஞ்சிருக்கு பாருங்க. செருப்பே போடாத காலத்து மனுஷனோட பாதம் இது. இன்னைக்கு இருக்கிற யாருக்கும் இப்படி இருக்காது. குதிகால் பதியலை, முன்பாதம் மட்டும் ஆழமா பதிஞ்சிருக்கு. அப்படின்னா... ஓடியிருக்கான்! ராஜாவுக்குச் சேதி கொண்டுபோன தூதன். எப்படியும் ஆயிரம் வருஷம் இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் என் காலைக் குனிந்து பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

என் கால் விரலும் அப்படித்தான் விரிந்திருக்கிறது. எங்கள் அளத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் அப்படித்தான். களிமண்ணில் வழுக்காமல் நிற்க விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இருபது வருஷம் பிடித்தால் விரல் விரியாமல் என்ன செய்யும்? அதைப் பார்த்துவிட்டு ஒருவர் நிதானமாகச் சொல்கிறார் — இன்றைக்கு இருக்கிற யாருக்கும் இப்படி இருக்காது என்று.

அப்போ நாங்கள் யார்? செத்துப் போனவர்களா?

அந்தத் தடம் எப்படி வந்தது என்று சொல்ல, பாத்தி கட்டுகிற வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீரைத் தேக்கி வெயிலில் விட்டால் உப்பு. அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். அதற்கு முன்னால் தரை வேண்டாமா? மழைக்காலத்தில் பாத்தி எல்லாம் கூழாகக் கிடக்கும். தை பிறந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, ஆளுக்கு ஆள் ஒட்டி வரிசையாக நின்று மிதிப்போம். இன்றைக்கு மிதித்ததை நாளைக்கும் மிதிப்போம். மறுநாளும். களிமண் இறுகி சிமென்ட் தரை மாதிரி ஆகும்வரை. கடைசியாகப் பலகையால் இழுத்து, ஒரு காலடிகூட இல்லாமல் சமன் செய்ய வேண்டும். காலடி நின்றுவிட்டால் அந்தக் குழியில் சகதி சேரும், உப்பை வாரும்போது மண்ணும் கூடவே வரும். பாத்தியில் ஒரு தடம் இருந்தால் மேஸ்திரி வேலை தெரியாதவன் என்று அர்த்தம்.

அலமாரி சார் அதிசயம் என்று காட்டியது, எங்கள் கணக்கில் அரைகுறை வேலை.

அந்தப் பாத்தியை இந்தத் தையில் பாதி மிதித்து விட்டுவிட்டோம். அந்த மூலைக்குத் தண்ணீர் ஏறவில்லை, இந்த வருஷம் வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்படியே காய்ந்து கிடந்தது. பங்குனி வெயிலில் எங்கள் களிமண் பாறை மாதிரிதான் இருக்கும். ஐப்பசி மழை வந்தால் பாயசம் மாதிரி ஆகிவிடும். ஒரு ஐப்பசியைத் தாங்காத மண் ஆயிரம் ஐப்பசியைத் தாங்குமா? அலமாரியில் அவ்வளவு புத்தகம் வைத்திருப்பவர் மழையை மறக்கலாமா?

சரி, சொல்லிவிடுவோம் என்று கமெண்ட் போட்டேன். என் வாழ்க்கையில் முதல் கமெண்ட். இதோ:

'ஐயா, வணக்கம். இது பாறை இல்லை, களிமண். இந்தத் தை மாதம் நாங்கள் மிதித்த பாத்தி. மூலையில் எப்போதும் நான்தான் நிற்பேன். அந்தக் கால் என் கால். மழை பெய்தால் கரைந்துவிடும். இப்படிக்கு, மேஸ்திரி, மரக்காணம்.'

"கமெண்டுல யாராவது 'இப்படிக்கு' போடுவாங்களாப்பா?" என்றாள் மதி.

"மரியாதைக்குப் போட்டேன்."

மரியாதை திரும்பி வந்தது பாருங்கள்... 'பெரியவரே, போய் உப்பு அள்ளுங்க.' 'உங்க காலுக்கு ஆதார் கார்டு இருக்கா?' 'எந்த யுனிவர்சிட்டி சார் நீங்க?' 'நம்ம வரலாற்றை மறைக்கறதுக்கு எவ்ளோ வாங்கினே?' என் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ வைத்திருந்தேன். அதையும் விடவில்லை. 'ரோஜா பேசுதுடோய்!'

எட்டாவது படித்திருக்கிறேன் என்று எல்லோருக்கும் பதில் போட்டேன். கேட்டார்கள், சொன்னேன். அதற்குத்தான் சிரிப்பு பொம்மைகள் அதிகம் விழுந்தன.

மறுநாள் ஸ்கூல் விட்டு வந்த கயல் பையைக் கூடக் கழற்றவில்லை.

"யப்பா, அந்தக் கமெண்ட்ட டெலிட் பண்ணு."

"ஏம்மா?"

"கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. ரோஜா பொண்ணு, ரோஜா பொண்ணுன்னு கூப்புடறாளுங்க. உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? அவரு எவ்ளோ படிச்சிருக்காரு. பின்னாடி எவ்ளோ புக்கு இருக்குது."

"அவருக்குப் பின்னாடி புக்கு இருக்குது. எனக்குப் பின்னாடி அந்தப் பாத்தியே இருக்குதே."

"அதெல்லாம் யாரு கேக்கறா? திங்கக்கிழமைக்குள்ள டெலிட் பண்ணு. இல்லேன்னா நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன்."

இதுதான் சண்டை. பிள்ளைகளே, நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் ஒரு காலடி. இன்னொரு பக்கம் என் மகள் ஸ்கூலில் தலைநிமிர்ந்து நடப்பது. எது பெரிது? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கயலும் நானும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தோம். அவள் அம்மாதான், "காலு கீலுன்னுக்கினு... சோறு ஆறுது பாரு ரெண்டு பேருக்கும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அளத்தில் ஞாயிறு திங்கள் எல்லாம் கிடையாது, உப்பு எடுக்கிற நாள் என்றால் எடுக்கத்தான் வேண்டும். வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரே பைக்கில் ரெண்டு காலேஜ் பையன்கள் வந்து இறங்கினார்கள். கையில் குச்சி, குச்சி முனையில் போன். அதற்குள் அந்தத் தடத்தைச் சுற்றி யாரோ கல் அடுக்கி, ஒரு சாமந்திப்பூ வேறு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பையன்கள் வரப்பை விட்டுப் பாத்திக்குள் இறங்கப் பார்த்தார்கள்.

"தம்பி, செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்றேன்.

பாத்திக்குள் செருப்போடு யாரும் இறங்கக்கூடாது. செருப்பில் ஒட்டிய மண் உப்பில் சேரும், அதற்காக. ஆனால் அந்தப் பையன் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு என்ன சொன்னான் தெரியுமா?

"பாத்தீங்களா மக்களே, இந்த ஊர்க்காரங்களே இங்க செருப்பக் கழட்டச் சொல்றாங்க. அவ்ளோ புனிதமான எடம் இது!"

எனக்குத் தலை சுற்றிவிட்டது. வரலாறு எவ்வளவு சீக்கிரம் தயாராகிறது பாருங்கள்! நான் வாயை மூடுவதற்குள் ஒரு சடங்கு பிறந்துவிட்டது.

"அண்ணே, கமெண்ட் போட்ட பெரியவரு யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

"நாந்தான். பெரியவர்லாம் இல்ல தம்பி, நாப்பத்தி மூணுதான் ஆவுது."

ரெண்டு பேர் முகத்திலும் வெளிச்சம்.

"அய்யய்யோ, ரோஜா அண்ணனா! அண்ணே, காலு உங்களுதுன்னு சொன்னீங்களே. வச்சிக் காட்டுங்கண்ணே. ஒரே ஒரு ஷாட்."

இதைத்தானே எதிர்பார்த்தேன். வேட்டியைத் தூக்கிக் கட்டினேன். கல்லைத் தள்ளினேன். பூவை எடுத்து வரப்பில் வைத்தேன். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, நிதானமாக, வலது காலைத் தடத்தில் வைத்தேன்.

பொருந்தவில்லை.

கட்டைவிரல் ஒரு அங்குலம் வெளியே நிற்கிறது. பக்கவாட்டிலும் இடம் பற்றவில்லை. எடுத்து மறுபடி வைத்தேன். அப்போதும் நிற்கிறது. களிமண் காயும்போது சுருங்கும்தான்... இவ்வளவா சுருங்கும்?

"அண்ணே, உங்க காலு ரெண்டு சைஸ் பெருசுண்ணே!" பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெயிலில் நிற்பது எனக்குப் பழக்கம். ஆனால் அந்த ஒரு நிமிஷம் நின்றது மாதிரி நான் எந்த வெயிலிலும் நின்றதில்லை. கயல் ஞாபகம் வேறு. திங்கட்கிழமைக்கு ஒரு ராத்திரிதான் பாக்கி.

பக்கத்துப் பாத்தியில் அஞ்சலையக்கா உப்புக் கூடையோடு போய்க்கொண்டிருந்தது. எங்கள் அளத்தில் என்னைவிடப் பழைய ஆள். மிதிக்கிற வரிசையில் எனக்கு அடுத்து நிற்பது அதுதான். கூடையைக் கொட்டிவிட்டு வந்தது.

"இன்னா மேஸ்திரி, கூத்து?"

சொன்னேன். அஞ்சலையக்கா குனிந்து தடத்தைப் பார்த்தது. அப்புறம் என்னைத் தோளில் ஒரு தள்ளு தள்ளியது.

"தள்ளு அந்தாண்ட."

தன் காலை வைத்தது. ஐந்து விரலும் ஐந்து குழியில் போய் உட்கார்ந்தன. பூட்டில் சாவி போன மாதிரி.

"ஐய, இது என் காலுய்யா! நீ ஏன் உன்னுதுன்னு சொன்னே?"

"நாந்தானேக்கா மூலைல நிப்பேன்..."

"அன்னைக்கு நான் ஓடலே? மறந்துட்டியா? மிதிச்சிக்கினே இருந்தேன், போன் வந்துச்சு, மருமவளுக்கு வலி எடுத்துக்கிச்சு, கெளம்பி வான்னு. இந்த மூல வழியாத்தான் ஓடுனேன். போய்ச் சேர்றதுக்குள்ள கொழந்த பொறந்துட்டுது!"

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அஞ்சலையக்கா ஓடியது. நாங்கள் எல்லோரும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, ஆணா பெண்ணா என்று போனுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. பெண் என்று சேதி வந்ததும் டீ வாங்கப் போனது. மறுநாள் முதலாளி வேண்டாம் என்றதும் அந்தப் பாத்தியை அப்படியே விட்டது.

"அப்ப... ஓடின காலுன்னு சார் சொன்னது கரெக்ட்டு" என்றான் ஒரு பையன், சமாளிக்கிற மாதிரி.

"ஓடினது கரெக்ட்டுப்பா. ராஜாகிட்டே இல்ல, எம் பேத்திகிட்டே. ஏம்பா, என்னைப் பாத்தா ஆயிரம் வருஷத்துக் கெழவி மாதிரியா இருக்குது?"

"ஆயா, இத எடுக்கலாமா?" என்று கேட்டான் அவன். ஆயா என்றதற்கு அஞ்சலையக்கா முறைத்த முறைப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மற்றவன் அவன் காதைக் கடித்தான். ஆனால் எனக்குக் கேட்டது. "வேணாம் ப்ரோ. அண்ணன் காலு பொருந்தாத எடத்தோட கட் பண்ணிட்டேன். அதான் ப்ரோ கன்டென்ட்டு."

பைக் போய்விட்டது.

சாயங்காலம் வீடு வருவதற்குள் எனக்கு முன்னால் என் கால் வந்து சேர்ந்திருந்தது. பதினைந்து நொடி இருக்கும். நான் வேட்டியைத் தூக்கிக் கட்டுகிறேன், காலை வைக்கிறேன், பொருந்தவில்லை, பின்னால் ஒரு கோமாளிச் சங்கீதம். முடிந்தது. அஞ்சலையக்கா? அந்த வீடியோவில் பிறக்கவே இல்லை.

கயல் அழுதுகொண்டிருந்தாள். "இப்பவாவது டெலிட் பண்ணுப்பா. உன் காலே இல்லேன்னு ஆயிடுச்சு இல்ல? நீ சொன்னதும் பொய்தானே?"

"பொய் இல்லம்மா. தப்பு. பொய் வேற, தப்பு வேற."

"ரெண்டும் ஒண்ணுதான். பாக்காம பேசறாருன்னு அவரைச் சொல்றியே... நீ மட்டும் பாத்துட்டுத்தான் பேசினியா? கமெண்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி போய்க் கால வச்சிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. நடந்து போனால் பத்து நிமிஷம். போகவில்லை.

அவள் விடவில்லை. "பொங்கலுக்கு நீ இன்னா அனுப்புனே? ரோமாபுரி ராஜாவுக்கு மரக்காணம் உப்பு இல்லேன்னா சோறு எறங்காதுன்னு! அஞ்சு குரூப்புக்கு அனுப்புனே. ராஜாவுக்கு நீதான் பக்கத்துல நின்னு பரிமாறினியா?"

மதி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவள் அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது, எனக்குத் தெரிந்தது.

அந்தப் பொங்கல் செய்தியை நான் ஏன் அனுப்பினேன்? உண்மையா என்று தெரிந்தா? இல்லை. படிக்க நன்றாக இருந்தது. நம்ம ஊர், நம்ம உப்பு... மார்பு ஒரு அங்குலம் விரிந்தது. அனுப்பிவிட்டேன். அலமாரி சாருக்கும் அன்றைக்கு அப்படித்தான் மார்பு விரிந்திருக்கும்.

ஆனாலும் கயல், உன்னை வைத்துக்கொண்டே எல்லோருக்கும் சொல்கிறேன் — அந்தக் கமெண்டை நான் டெலிட் பண்ணவில்லை. பண்ணவும் மாட்டேன்.

ஏன் என்று கேள்.

அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்று நான் யாரையும் சொல்லவில்லை. டீக்கடையில் சொல்லாத அபிப்பிராயமா? ராஜா காலத்திலிருந்து நேற்றைய எலெக்‌ஷன் வரைக்கும் ஒரு டீயில் பேசி முடிக்கிற ஆட்கள் எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் டீக்கடையில் ஒரு வசதி. ஒருவன் தப்பாகச் சொன்னால் பக்கத்து பெஞ்சிலிருந்து இன்னொருவன், "யோவ், நான் அங்கதான்யா இருந்தேன்!" என்பான். சொன்னவன் அசடு வழிந்துவிட்டு மீதி டீயைக் குடிப்பான். போனுக்குள்ளும் அந்தப் பக்கத்து பெஞ்சு வேண்டாமா? அதில் உட்கார்ந்தவன் எட்டாவது படித்தவன் என்பதால் எழுந்து போக வேண்டுமா? அங்கே இருந்தவன் என்பதைவிட என்ன படிப்பு வேண்டும்?

ரேஷன் கடை மெஷினில் நான் விரல் வைத்தால் ஏற்றுக்கொள்ளாது. உப்பில் என் ரேகை தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் நாலு விரலை மாற்றி மாற்றி வைத்து, கடைக்காரர் அலுத்துக்கொண்டு, பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டி... பழகிவிட்டது. மெஷின், அதற்குக் கண் கிடையாது. ஆனால் கண் இருக்கிற மனிதர்களும் எங்கள் காலைப் பார்த்து, இப்படி ஒரு ஆள் இன்றைக்கு இல்லை என்றால்? அதற்கும் நான் பேசாமல் இருந்தால், நாளைக்கு உன் அப்பன் இருந்தான் என்பதற்கு யாரைச் சாட்சி கேட்பாய்?

தப்பு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகச் சொன்னதை அழிக்க மாட்டேன். அழித்தால் நான் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும். தப்பைத் தப்பு என்று அதன் கீழேயே எழுத வேண்டும்.

அன்றைக்கே அஞ்சலையக்காவுக்குப் போன் போட்டேன். பேரைப் போடலாமா என்று கேட்டேன்.

"போடு. முழுப் பேரும் போடு. பாத்தியில கால வச்சிட்டுப் போனவன்னுதானே சிரிப்பானுங்க? சிரிக்கட்டும். செத்துப்போனவன்னு சொல்றதுக்கு இது தேவல."

எழுதினேன். மதி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்த்தாள். கயல் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை.

'ஐயா, வணக்கம். நான் முன்பு எழுதியதில் ஒரு தவறு. அந்தக் கால் என்னுடையது இல்லை. எங்களோடு வேலை செய்யும் அஞ்சலை அக்காவுடையது. பேத்தி பிறக்கப் போகிறது என்று ஓடியபோது பதிந்தது. அவர் போன பிறகு அதைச் சமன் செய்யாமல் விட்டது மேஸ்திரியான நான். ஆகவே கால் அவருடையது, தப்பு என்னுடையது. காலடிக்கும் குழந்தைக்கும் ஒரே வயது, ரெண்டு மாதம். குழந்தைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. இப்படிக்கு, மேஸ்திரி, மரக்காணம்.'

'இப்படிக்கு' போடாதே என்று மதி சொல்லவில்லை இந்த முறை.

அலமாரி சாரே பதில் போட்டார்! 'மாற்றுக் கருத்துகளை எப்போதும் மதிக்கிறோம்' என்று. கூடவே ஒரு கும்பிடு.

கருத்தா? ஒருத்தி கால் யாருடையது என்பதில் என்னய்யா மாற்றுக் கருத்து? காலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிட்டுப் போகிறது! வீடியோ இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆயிரம் வருஷமும் அப்படியேதான் இருக்கிறது. இருக்கட்டும். ஐப்பசி வரும். மழைக்குக் கமெண்ட் போடத் தெரியாது, டெலிட் பண்ணத் தெரியும்.

திங்கட்கிழமை கயல் ஸ்கூலுக்குப் போனாள். போக மாட்டேன் என்று சொன்னவள், பரீட்சை நெருங்குகிறது என்று அம்மா போட்ட சத்தத்தில் போனாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. நான் அன்றைக்கு முழுக்க உப்பு வாரிய லட்சணத்தைப் பார்த்து அஞ்சலையக்காவே, "வூட்டுக்குப் போ மேஸ்திரி" என்றது.

சாயங்காலம் கயல் வந்ததும் நேராக உள்ளே போய்விட்டாள். மதிதான் சேதி கொண்டு வந்தாள். ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல், ஒரே கேட்.

"யப்பா, கேட்டாண்ட ஒரு அக்கா கேட்டுச்சு. அந்த வீடியோல கால வைக்கறது உங்கப்பாவாடின்னு."

"இன்னா சொன்னா கயலு?"

"ஆமான்னு சொல்லிச்சு."

"அப்புறம்?"

"அவ்ளோதான். ஆமான்னுட்டு, செருப்பு மாட்டிக்கினு வந்துடுச்சு."

"செருப்பா? செருப்ப ஏன் கழட்னா?"

"அவங்க காலக் காட்டச் சொன்னாங்கப்பா. காட்டிச்சு."

உள்ளே போய்ப் பார்த்தேன். கயல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றைக்கும் பேசவில்லை. கோபம் தீர்ந்துவிட்டது என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். நேற்றுத்தான் "சட்டைப் பையில உப்பு இருக்குது, தொவைக்கப் போடறதுக்கு முன்னாடி எடு" என்று ஒரு வார்த்தை சொன்னாள். போதும்.

ஆனால் கயல், நீ கேட்ட அந்தப் பொங்கல் கேள்வி மட்டும் எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும், மற்றவர்கள் வருவதற்கு முன்னால் அளத்துக்குப் போனேன். வரப்பில் உட்கார்ந்து போனை எடுத்தேன். முந்தின நாள் உப்பு விரல் இடுக்கில் இருந்திருக்கிறது, எழுத்து விழவில்லை. வேட்டியில் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி தட்டினேன். 'பொங்கலுக்கு நான் அனுப்பிய ரோமாபுரி ராஜா விஷயம் உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. பார்க்காமல் அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையது. இப்படிக்கு, மேஸ்திரி.' சொந்தக்காரர்கள் குரூப், எட்டாம் வகுப்பு நண்பர்கள் குரூப், தெரு குரூப், அளம் குரூப், மச்சான்கள் குரூப்... ஐந்துக்கும் ஒவ்வொன்றாக அனுப்பினேன். ஒன்றைக்கூட விடவில்லை.

முதல் பதில் மச்சான்களிடமிருந்து உடனே வந்தது — ஒரு ரோஜாப்பூ, குட் மார்னிங்.